எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம் என்றால் எங்கேதான் வண்டியை நிறுத்துவது?

கேள்வி இதுதான்: லாஸ் ஏஞ்சலிஸில் காரை எடுத்து டெத் வேலி, சயான், பிரைஸ் கேன்யன், மோவாப், மெசா வெர்டே, கிராண்ட் கேன்யன் என்று ஒரு வட்டம் அடித்துத் திரும்பும் இரண்டு வாரப் பயணம். கூடவே அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, பத்து வயது மகன். போகிற ஒவ்வொரு இடத்துக்கும் குடும்பமாக உட்கார்ந்து மதிப்பெண் போட ஆசை. எதை வைத்துப் போடுவது? வழியில் "வரலாற்றுத் தலம்" என்று பலகை வைத்திருக்கும் சின்ன இடங்களுக்கெல்லாம் நிறுத்தத்தான் வேண்டுமா?

நிறுத்துங்கள். இந்த வட்டத்தில் நான் அதிக மதிப்பெண் கொடுக்கும் இடங்களில் பாதி, நீங்கள் எழுதிய பட்டியலிலேயே இல்லை.

நெட்டில் உள்ள மதிப்பீடுகளை நம்பித் திட்டம் போட முடியாது. சயானுக்கும் நாலரைக்கு மேல், கிராண்ட் கேன்யனுக்கும் நாலரைக்கு மேல், நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் அதேதான். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போனவருக்கு "சுமார்தான்" என்று எழுத மனம் வராது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடிப் படியுங்கள். பார்க்கிங் கிடைக்கவில்லை, வெயில் கொளுத்தியது, கழிப்பறையில் வரிசை என்று பொருமியிருப்பார்கள். உங்களுக்கு உதவக்கூடிய தகவல் அங்கேதான் இருக்கிறது: அவர்கள் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பாருங்கள்.

என் வழக்கம், இயற்கைக்கும் வரலாற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஒரு பழைய வணிகக் கடை ஆயிரம் அடிப் பாறைச் சுவரிடம் எப்போதும் தோற்கும். இயற்கைப் பூங்காவுக்கு நான் கேட்பது: காரை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால், பார்க்கிங்கில் நின்று பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது? வரலாற்றுத் தலத்துக்குக் கேட்பது வேறு: நடந்த இடத்தில் நடந்ததன் தடயம் மிச்சம் இருக்கிறதா, அதை யார் வாயால் சொல்கிறார்கள், சங்கடமான பகுதியை மறைக்காமல் சொல்கிறார்களா? எந்தக் கணக்காக இருந்தாலும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் மாதமும் மணியும் கட்டாயம் எழுதுங்கள். ஜூலை மதியம் இரண்டு மணிக்குப் போட்ட ஆறு, அக்டோபர் காலையில் போகிறவருக்கு எந்த விதத்திலும் பயன்படாது.

இன்னொன்று, பெயரைப் பார்த்து எடை போடாதீர்கள். அமெரிக்காவில் "தேசியப் பூங்கா" என்ற பட்டம் உள்ளவை 63. ஆனால் 1916-ல் தொடங்கிய தேசியப் பூங்காச் சேவை பராமரிப்பது நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை. நினைவுச்சின்னம், வரலாற்றுத் தலம், போர்க்களம் எல்லாம் அதில் சேர்த்தி. அதே துறை, அதே தொப்பி போட்ட ரேஞ்சர் (பூங்கா ஊழியர்). ஒரே வித்தியாசம், பெரிய பூங்காவில் ரேஞ்சருக்குப் பதில் சொல்ல முப்பது விநாடி இருக்கும். சின்ன இடத்தில் அவரே வெளியே வந்து கூட நடந்து காட்டுவார்.

சரி, உங்கள் வழிக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நேராக லாஸ் வேகாஸ் பக்கம் போகாமல் 395-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறுங்கள். சியரா நெவாடா மலைச்சுவர் இடப்பக்கம் கூடவே வரும். லோன் பைன் ஊரைத் தாண்டிச் சற்று தூரத்தில் மான்சனார். ஜப்பானோடு போர் நடந்த சமயம், 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஓர் உத்தரவால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலை விட்டுக் கிளப்பிப் பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். அந்தப் பத்தில் ஒன்று மான்சனார். ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே இருந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

முதலில் பார்த்தால் வெறும் பொட்டல்தான். பார்வையாளர் மையமே முகாமின் பழைய அரங்கு. உள்ளே அடைபட்டிருந்தவர்களின் பெயர்கள் கூரைக்கும் தரைக்கும் தொங்கும் ஒரு பெரிய திரையில் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டிவைத்திருக்கும் பெண்கள் கழிப்பறைக்குள் போய் நில்லுங்கள். கழிப்பறைத் தொட்டிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி வரிசையாக இருக்கின்றன, நடுவில் ஒரு தடுப்புப் பலகைகூட இல்லை. கொட்டகைகளின் மரச் சுவர் இடுக்கு வழியே மணல் புகுந்ததைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும், அந்தக் கழிப்பறை ஒரு நிமிடத்தில் புரியவைப்பதைப் புரியவைக்காது. பின்னால் மேற்குக் கோடியில் கல்லறைத் தோட்டத்தில் 1943-ல் அவர்களே எழுப்பிய வெள்ளைத் தூண் நிற்கிறது. இடிந்து மண்மூடிக் கிடந்து பிறகு தோண்டியெடுக்கப்பட்ட ஜப்பானியத் தோட்டங்களையும் தவறவிடாதீர்கள். அடைத்து வைத்த இடத்திலும் குளம் வெட்டிக் கல் அடுக்கியிருக்கிறார்கள். வரலாற்றுக் கணக்கில் பத்துக்கு ஒன்பது. பத்து வயதுப் பையனுக்கு ஏற்றதா என்றால், ஆம். "ஏன் அடைத்தார்கள்?" என்ற கேள்வி அவனிடமிருந்து கட்டாயம் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து 190-ஆம் சாலை வழியாக டெத் வேலி. பேட்வாட்டரில் நிற்கும்போது கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே நிற்கிறீர்கள். திரும்பிப் பாறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தால் "கடல் மட்டம்" என்று எங்கோ உயரத்தில் ஒரு சின்னப் பலகை தெரியும். பையனுக்கு அந்தப் பலகை பிடிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் எட்டு கொடுப்பேன். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் இது என்பதால் கோடையில் மதிப்பெண் பேச்சே வேண்டாம், பெரியவர்களோடு போகவே போகாதீர்கள்.

சயான் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது: ஏழு. பாறை அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடுவதில்லை, ஷட்டில் பஸ்தான். அது நல்ல ஏற்பாடு. 2000-க்கு முன் அந்தச் சாலையில் கார் நெரிசல் தாங்காமல்தான் அதைக் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் காலை எட்டு மணிக்கு மேல் போனால் பஸ் வரிசையிலேயே பொழுது போய்விடும். பெயர்போன ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறைக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதி வாங்க வேண்டும், உங்கள் குழுவுக்கு அது தேவையில்லை. ஒன்று செய்யுங்கள்: பூங்காவின் கிழக்குப் பக்கம் போகும் சாலையில் 1930-ல் திறந்த சுரங்கப்பாதை இருக்கிறது, ஒரு மைலுக்குச் சற்று அதிகம். பாறையைக் குடைந்து நடுநடுவே ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் பாறையின் நிறமும் வடிவமும் மாறிவிடும், கூட்டமும் பாதியாகக் குறைந்துவிடும். சுரங்கத்தின் கிழக்கு வாசலிலிருந்து கிளம்பும் கேன்யன் ஓவர்லுக் நடைபாதை போய்வர ஒரு மைல்தான். அந்த ஒரு மைலுக்காக வேண்டுமானால் எட்டாக உயர்த்திக்கொள்ளலாம்.

பிரைஸ் ஒன்பது. என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்த வட்டத்தில் இல்லை. விளிம்பில் நின்று பார்க்கும்போது ஆயிரக்கணக்கான ஆரஞ்சு நிறக் கல் தூண்கள் ஒரே கூட்டமாகத் தெரியும். நவஹோ லூப் வழியாகக் கீழே இறங்கினால் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக மாறி உங்கள் தலைக்கு மேல் நிற்கும். வருடத்தில் ஏறத்தாழப் பாதி நாட்கள் இங்கே இரவில் உறைந்து பகலில் உருகும் குளிர். பாறை இடுக்கில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பிளந்ததில்தான் இந்தத் தூண்களே உண்டாயின. விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல் என்பதால் அப்பா அம்மாவுக்கு மூச்சு வாங்கும். சன்ரைஸ் பாயிண்டிலிருந்து சன்செட் பாயிண்ட் வரை தார் போட்ட, அநேகமாகச் சமதளமான அரை மைல் பாதை இருக்கிறது. அவர்கள் அதில் நடக்கட்டும், நீங்களும் பையனும் கீழே இறங்கி ஏறி வாருங்கள். விடியலில் போகவேண்டும், வெயில் கிழக்கிலிருந்து நேராகத் தூண்கள்மேல் விழும்.

அப்புறம் கேப்பிட்டல் ரீஃப். மோவாப் போகிற அவசரத்தில் பெரும்பாலோர் இதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். இங்கே இரண்டு கணக்கிலும் மதிப்பெண் போட வேண்டியிருக்கும். ஏறத்தாழ நூறு மைல் நீளத்துக்கு நிலமே மடிந்து எழுந்த மடிப்பு இயற்கைக் கணக்கில். 24-ஆம் நெடுஞ்சாலை ஓரம் பலகைப் பாலத்தில் நடந்தால், ஃப்ரீமான்ட் என்ற பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய கொம்பு வைத்த உருவங்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகளின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், அவர்கள் வைத்த பழத்தோட்டம். அந்தத் தோட்டத்தைப் பூங்காச் சேவை இன்னும் பராமரிக்கிறது. பருவத்தில் திறந்திருக்கும் தோட்டங்களில் நுழைந்து, மரத்திலிருந்து பறித்து அங்கேயே சாப்பிடக் காசில்லை. வெளியே கொண்டுபோவதற்கு மட்டும் நீங்களே எடை போட்டுப் பணம் வைத்துவிட்டுப் போக வேண்டும். செர்ரி ஜூன் வாக்கில், ஆப்பிள் செப்டம்பரில். பனி முந்திக்கொண்ட வருடத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டையும் சேர்த்து எட்டரை.

மோவாப் பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் பூங்கா எட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில். 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் உள்ள இடம். நுழைவு முன்பதிவு விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, கிளம்புமுன் பூங்காவின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர மூன்று மைல், வழுக்குப் பாறைமேல் ஏற்றம், நிழல் கிடையாது. எல்லோரும் அதன் தொடக்கத்தில் ஒரு மரக் குடிசையைப் பார்க்காமலே விறுவிறுவென்று தாண்டிப் போவார்கள். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட ஜான் வெஸ்லி வுல்ஃப் என்பவர் 1898 வாக்கில் மகனோடு வந்து குடியேறிய இடம் அது. ஓர் ஓடைத் தண்ணீரை நம்பி அந்த வெட்டவெளியில் மாடு மேய்த்துப் பிழைத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, அந்த அளவு அறையில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று பையனைக் கேளுங்கள். வளைவு வரை ஏற முடியாத அப்பா அம்மாவுக்கு அந்தக் குடிசையும் பக்கத்திலுள்ள யூட் பழங்குடி மக்களின் பாறைச் செதுக்கல்களும் போதும்.

மெசா வெர்டே, 1906-ல் பூங்காவானது, மனிதர்கள் கட்டியதைக் காக்கவென்றே உருவானது. கிளிஃப் பேலஸ் என்ற குடியிருப்பில் மட்டும் சுமார் 150 அறைகள், ஒரு குகையின் நிழலுக்குள். உள்ளே போக ரேஞ்சரோடுதான் போக வேண்டும்; டிக்கெட்டை இணையத்தில் 14 நாள் முன்பு திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். மேடு பள்ளமான கல் படிகளும் ஏணிகளும் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு மெசா டாப் லூப் சாலை நன்றாக இருக்கும்: ஆறாம் நூற்றாண்டு வாக்கில் குழி தோண்டி அதன்மேல் கூரை போட்ட வீடுகளில் தொடங்கி, 13-ஆம் நூற்றாண்டின் குகை வீடுகள் வரை காலவரிசையில் காரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். 1276-ல் தொடங்கிய நீண்ட வறட்சியை ஒட்டி இங்கிருந்தவர்கள் தெற்கே இடம்பெயர்ந்தார்கள். ஹோப்பி, ஸூனி முதலிய இன்றைய பியூப்லோ மக்கள் அவர்களுடைய வாரிசுகள். 1888-ல் மாடு தேடிப்போன இருவர் இதைக் "கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லும் வழிகாட்டிக்கு ஒரு மதிப்பெண் குறையுங்கள். நல்ல ரேஞ்சர், வாரிசுகள் என்ன சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவார். ஒன்பது.

ஒரு நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் அதை நியூ மெக்ஸிகோவின் சாக்கோவுக்குக் கொடுங்கள். இந்தப் பகுதியில் நான் முழுப் பத்து கொடுக்கும் ஒரே வரலாற்றுத் தலம். கடைசி இருபது கிலோமீட்டர் மண் சாலை, உள்ளே பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. அதனாலேயே சுற்றுலாப் பேருந்துகள் எட்டிப்பார்ப்பதில்லை. பியூப்லோ பொனீட்டோ என்ற பெருங்கட்டடத்தில் 600-க்கும் மேல் அறைகள். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி முந்நூறு வருடம் போலக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். உள்ளே நுழைய ரேஞ்சர் தேவையில்லை. குனிந்து ஒரு வாசலில் நுழைந்தால் அதற்கு நேர் எதிரே அடுத்த வாசல், அதற்குள் அடுத்தது. சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: பெரிய கல் ஒரு வரிசை, நகத்தளவு தடிமனான சில்லுக் கற்கள் சில வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குக்கு மேலே பூச்சும் பூசி மறைத்திருக்கிறார்கள். கூரைக்கு வேண்டிய மரங்கள் 75 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மலைகளிலிருந்து வந்தவை. சக்கரம் இல்லை, சுமக்க மாடு குதிரை இல்லை. அத்தனையும் ஆள் தோளில்.

கிராண்ட் கேன்யனுக்குத் திரும்பும் வழியில் அரிசோனாவின் கனாடோவில் ஹப்பல் டிரேடிங் போஸ்ட். 1878-லிருந்து நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இயங்கிவரும் வணிகக் கடை, இன்றும் வியாபாரம் நடக்கிறது. உள்ளே கால் வைத்ததும் மரத் தரை கிரீச்சிடும். நெஞ்சளவு உயரத்துக்குக் கல்லா மேஜை. கடைக்காரர் கை ஓங்கியிருந்ததை அந்த உயரமே சொல்லிவிடும். பின்னறையில் நவஹோ பெண்கள் நெய்த கம்பளங்கள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் நெய்தவரின் பெயர்ச் சீட்டு. வாங்காவிட்டாலும் விரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, முக்கால் மணி நேரம் போதும், எட்டு.

பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் ஏழு. இருபது கோடி வருடத்துக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பழைய ரூட் 66 சாலையின் ஒரு துண்டு இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, அதன் அடையாளமாக 1932 ஸ்டூடிபேக்கர் காரின் துருப்பிடித்த கூடு நிற்கிறது. ஒரு சில்லு எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம். திருடிப் போனவர்கள் மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய கற்கள் ஒரு குவியலே இருக்கிறது. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் அவற்றை மறுபடி காட்டில் போட முடியாது. மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மதியத்துக்கு மேல் நுழையாதீர்கள்.

கடைசியாகக் கிராண்ட் கேன்யன், தெற்கு விளிம்பு. இதற்குத்தான் மணி எழுதாத மதிப்பெண் ரொம்ப ஏமாற்றும். மதியம் பன்னிரண்டுக்கு மேதர் பாயிண்டில் நின்றால் நிழலே இல்லாமல் பள்ளத்தாக்கு தட்டையாக, ஒட்டிவைத்த படம் மாதிரித் தெரியும், முன்னால் செல்ஃபி வரிசை. என் கணக்கில் ஆறு. அதே இடம் மாலை ஐந்துக்கு மேல், ஒவ்வொரு மேட்டின் நிழலும் நீண்டு ஆழம் தெரியத் தொடங்கும்போது, ஒன்பது. நீங்கள் கிழக்கிலிருந்து வருவதால் டெசர்ட் வியூ வாசல் வழியாக நுழையுங்கள். மேரி கோல்டர் வடிவமைத்து 1932-ல் முடிந்த கல் கோபுரமும் அதற்குள் ஹோப்பி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி வரைந்த சுவரோவியங்களும் அங்கே உண்டு.

உங்கள் நால்வருக்கும் சேர்த்து நான் பரிந்துரைப்பது டிரெயில் ஆஃப் டைம். யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து விளிம்போரமாகப் போகும் தார்ப் பாதை. மீட்டருக்கு ஒரு வெண்கலக் குமிழ் பதித்திருக்கிறார்கள், ஒரு மீட்டர் பத்து லட்சம் வருடம். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறையை அதன் வயதுக்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். கரிகாலன் காலம் தொடங்கி இன்றுவரை அந்தக் கணக்கில் இரண்டு மில்லிமீட்டர். மேல் அடுக்கின் சுண்ணாம்புக்கல்லுக்கு 270 மீட்டர் நடக்க வேண்டும், அடியில் கிடக்கும் பாறைகளுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அப்பாவும் பையனும் ஒரே வேகத்தில் நடக்கக்கூடிய பாதை.

பணக் கணக்கு சுருக்கமாக: தேசியப் பூங்காக்களுக்கான வருட பாஸ் 2026-லிருந்து அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர் கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். உங்கள் வழியிலுள்ள சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. பதினாறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. மான்யுமென்ட் வேலி, ஆன்டலோப் கேன்யன் இரண்டும் நவஹோ அரசின் கையில் இருப்பவை, அங்கே இந்தப் பாஸ் செல்லாது. கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலம் மாற்றும்; ஹப்பல் கடை மூடும் நேரத்தையும் உங்கள் செல்போன் காட்டும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான இடங்களில் இலவசம். அதை முடித்தால் ரேஞ்சர் உறுதிமொழி வாங்கிவிட்டு பேட்ஜ் கொடுப்பார். புத்தகத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காகவே அவன் பலகைகளைப் படிப்பான். போகிற பூங்காக்களின் முத்திரையைக் குத்திச் சேர்க்க 1986-லிருந்து வரும் பாஸ்போர்ட் புத்தகமும் ஸ்டாம்பும் பெரியவர்களுக்கு நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் ஸ்டாம்ப் குத்திவிட்டுக் காருக்குத் திரும்பும் ஆட்களை எல்லாப் பார்வையாளர் மையத்திலும் பார்ப்பீர்கள். நடக்காத இடத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று வீட்டில் ஒரு விதி வைத்துவிடுங்கள். மதிப்பெண்ணை இரவு தங்குமிடத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஒரு வரிக் காரணத்தோடு எழுதுங்கள். பேசிவிட்டு எழுதினால் நால்வரும் அப்பா சொன்ன எண்ணையே எழுதுவார்கள்.

நாள் போதவில்லையென்றால் நான் வெட்டுவது முதலில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், பிறகு ஆர்ச்சஸ். மான்சனாரையும் கேப்பிட்டல் ரீஃபையும் வெட்டாதீர்கள், இரண்டும் எப்படியும் உங்கள் வழியில்தான். மழை பெய்திருந்தால் சாக்கோ மண் சாலை சேறாகிவிடும். வாடகைக் காரில் அதை முயல வேண்டாம். அந்த நாளை மெசா வெர்டேயிலேயே கழித்து, அதே பூங்காவின் வெதரில் மெசா பக்கம் சாலை திறந்திருந்தால் ஸ்டெப் ஹவுஸ் என்ற குகைக் குடியிருப்புக்கு இறங்குங்கள். அங்கே டிக்கெட் இல்லாமல் உங்கள் வேகத்தில் பார்க்கலாம்.